அக்கா அடைத்த கிழக்குக் கதவு

1

இந்த மாதத்தோடு ஞானம் அக்கா புது வீட்டுக்குக் குடிபோய் இரண்டு வருடம். 'புது வீடு' என்பது கடிதங்களில் இருக்கும் பெயர். அத்திவாரம் போட்டபோது புதிதாகத்தான் இருந்தது. திறப்பைக் கையில் கொடுத்தபோது சுவரில் பாசி பிடித்திருந்தது. நடுவில் ஒரு யுத்தம் வந்து போகும் என்று ஒப்பந்தத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் பழைய மாளிகையிலும் இந்தக் கிழமை ஒரு நற்செய்தி. வடக்குப் பக்கத்து யன்னல் ஒன்றின் கீழ்ச்சட்டம் உக்கிப்போயிருந்தது. அதை மாற்ற அனுமதி கேட்டு எழுதிப் பதினொரு மாதமாகிறது. மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் சின்னக் கத்தியால் வர்ணத்தைச் சுரண்டி, ஒவ்வொரு படையாக எண்ணி, கடைசியில் வந்த ஒரு மங்கல் வெள்ளைக்கு முன்னால் சற்று நேரம் மௌனமாக நின்றார். இப்போது அனுமதி வந்துவிட்டது. ஒரு முழம் பலகை மாற்றலாம். ஆனால் பழைய பலகையை எறியக்கூடாது, பெயர் எழுதி வைக்கவேண்டும்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன், வேலை முடிந்து பஸ்ஸில் ஏறிய பிறகு. வேலை நேரத்தில் சிரிப்பதற்கு எனக்கு அனுமதி இல்லை.

2

மட்டக்களப்பில் நான் படவரைஞராக இருந்தேன். ஒரு கந்தோரில் பத்து வருடம் வீட்டுப் படங்கள் கீறினேன். இங்கிலாந்துக்கு வந்து என் சான்றிதழைக் காட்டியபோது, அதை வாங்கிப் பார்த்த பெண் மிக மரியாதையாகத் திருப்பித் தந்து, எனக்குத் துடைக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அப்படித்தான் கட்டடக் கலையோடு என் தொடர்பு விட்டுப்போகாமல் இருக்கிறது. நாலு நூற்றாண்டுப் பழைய ஒரு மாளிகையில் முதலில் தூசி தட்டினேன். இப்போது பதவி உயர்ந்து, வருகிறவர்களுக்கு அறை அறையாக விளக்கம் சொல்கிறேன். தூசியும் நானே தட்டுகிறேன்.

அந்த வீட்டின் கதையைச் சொல்லாவிட்டால் மற்றக் கதை விளங்காது.

முதலில் கட்டியவர் மரச்சட்டங்களால் ஒரு பெரிய மண்டபம் கட்டினார். நடுவில் நெருப்பு, மேலே புகை, சுற்றிவர நாய்கள். அவருடைய பேரனுக்கு அது வெட்கமாகப் போய்விட்டது. முன்பக்கத்துக்குச் செங்கல் முகப்பு வைத்தார். அவருடைய பேரனுக்குச் செங்கல் வெட்கம். அதற்கு மேல் கல்லை ஒட்டினார். முன்பக்கம் மட்டுந்தான். மூலையைச் சுற்றிப் போனால் செங்கல் அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் மூலையைச் சுற்றிப் போவதில்லை என்று அவர் நம்பியிருக்கிறார்.

முகப்பில் இடப்புறம் ஏழு யன்னல், வலப்புறமும் ஏழு. வலப்புறத்தில் ஒன்று பொய். உள்ளே புகைபோக்கி ஓடுவதால் அங்கே துவாரம் வைக்க முடியவில்லை. கணக்குச் சரியாக வரவேண்டுமே என்று சுவரில் யன்னல் போலச் சட்டம் அடித்து, கறுப்புப் பூசிவிட்டார்கள். அதையும் நாங்கள் வருடா வருடம் துடைக்கிறோம்.

பிறகு வந்தவர் வரவேற்பறையில் நின்று வெளியே பார்த்திருக்கிறார். ஒரு கிராமம் தெரிந்தது. குடிசைகள், புகை, துணி காயப்போடும் பெண்கள். பார்வைக்கு இடைஞ்சல். கிராமத்தை இடித்து, மேட்டுக்கு அப்பால் வேறு வீடுகள் கட்டிக் கொடுத்து, சனங்களை அனுப்பிவிட்டார். இப்போது அந்த இடத்தில் புல். எங்களுக்குத் தந்த விளக்கக் குறிப்பில் இது ஒரே வரி: 'நிலத்தோற்றம் மேம்படுத்தப்பட்டது.' அந்த வரியை நான் நாளுக்கு நாலு தரம் சொல்கிறேன். கேட்கிறவர்கள் யன்னலால் புல்லைப் பார்த்து, எவ்வளவு அழகு என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறார்கள்.

அவருடைய மகன் மேற்கே ஒரு புதுப் பகுதியைக் கட்டினார். வேலைக்காரர் கண்ணில் படாமல் நடக்க அதில் ஒடுங்கிய வழியொன்று உண்டு. கடைசிச் சந்ததியால் அதைப் பராமரிக்க முடியவில்லை, பாதியை இடித்துப்போட்டார்கள். இவ்வளவும் செய்த பிறகு அரசாங்கம் வந்து, இனி யாரும் எதையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டது. நானூறு வருடமாக ஒவ்வொருவரும் தாத்தாவின் வேலையை உடைத்துத் திருத்தியதற்குப் பெயர் வரலாறு. இன்றைக்கு நான் ஒரு ஆணி அடித்தால் அதற்குப் பெயர் குற்றம்.

3

ஞானம் அக்காவின் முதல் வீடு கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் இருந்தது. அத்தான் செல்வராசா மின்சாரப் பொருள் திருத்துகிறவர். அக்கா தையல். நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு காலை, கடல் வந்தது. வீடு போனது, அத்தானும் போனார். அத்தான் வளவுக்குள் நின்றார், அலை கொண்டுபோய்விட்டது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அதைவிட அதிகமாக யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் ஒரே செய்திதான். விபரம் கேட்பது பேராசை மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள், பிறகு கூடாரத்தில், பிறகு தகரக் கொட்டிலில். கடலிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் இனி வீடு கட்டக்கூடாது என்று ஒரு உத்தரவு வந்தது. அக்காவின் காணி அந்தக் கோட்டுக்குள். செங்கலடிக்கு உள்ளே ஒரு வெட்டைக் காணியில், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று வீட்டுத்திட்டம் தொடங்கியது. அத்திவாரம் எழும்பியது. சுவர் எழும்புவதற்குள் செல்லடி எழும்பியது. வாவிக்கு அப்பால், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் வந்து, அக்காவின் பாதிச் சுவர்களுக்குள் படங்குகட்டி இருந்தார்கள். அவர்கள் திரும்பிப் போன பிறகு கட்டடக்காரர் திரும்பி வந்தார்கள்.

எங்களுக்கு யுத்தம் இரண்டு தரம் முடிந்தது. ஒருதரம் கிழக்கில் முடிந்துவிட்டது என்று கொடியேற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து வடக்கிலும் முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள். அந்த இரண்டாவது முடிவுக்கு அடுத்த மாதம் திறப்பு விழா வைத்தார்கள். மேடையில் பேசியவர், கடல் எடுத்ததை நாங்கள் திருப்பித் தருகிறோம் என்றாராம். அக்கா எனக்கு அதைச் சொல்லிவிட்டு, கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசத் தொடங்கினா.

4

வீட்டின் படத்தை ஐரோப்பாவில் ஒருவர் கீறியிருக்கிறார். நல்ல மனிதராக இருக்கவேண்டும். சமையலறையை விருந்தினர் அறையோடு திறந்து வைத்திருக்கிறார், சமைக்கிற பெண் தனித்துப்போகக்கூடாதாம். விறகு அடுப்பின் புகை எங்கே போவது என்று அவருக்கு யோசனை வரவில்லை. அவருடைய ஊரில் புகை வருவதில்லை. எல்லா வீட்டு முன்கதவும் கிழக்கே, வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டத்துக்கு நிற்பது மாதிரி. ஒவ்வொரு கதவுக்கு மேலும் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் பொறித்த பலகை.

குடிபோன மூன்றாம் மாதம் அக்கா மூன்று மாற்றம் செய்தா. அடுப்பை வெளியே கொண்டுபோய்ச் சின்னக் குசினி போட்டா. தையல் மெசினுக்குப் பக்கவாட்டில் கூரையைச் சாய்த்துப் பத்தி இறக்கினா. முன்கதவை நிலையோடு கழற்றி, துவாரத்தைக் கல் வைத்து அடைத்து, மேற்குச் சுவரை உடைத்து அதே கதவை அங்கே வைத்தா. வேலை செய்தவர் யோகநாதன் மேசன். கடற்கரையில் பக்கத்து வளவு. திட்டத்திலும் பக்கத்து வீடு.

பெயர்ப்பலகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, கதவில்லாத சுவருக்கு மேல். அதுதான் வினை. நிறுவனத்தின் கள உத்தியோகத்தர் படம் எடுக்க வந்தபோது, கதவைத் திறந்து பயனாளி புன்னகைப்பதாக அவருக்கு ஒரு படம் தேவைப்பட்டது. புன்னகைக்கப் பயனாளி இருந்தா, திறக்கக் கதவு இல்லை.

பத்து நாளில் கடிதம். 'அனுமதியற்ற மாற்றம்.' மூல வடிவத்துக்குத் திருப்பாவிட்டால் வீட்டின் உறுதிப்பத்திரம் எழுதித் தரப்படாது, வேறு பயனாளி தெரிவு செய்யப்படுவார். அக்கா கடிதத்தோடு கந்தோருக்குப் போயிருக்கிறா. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார்களாம். என்ட வீடு என்று சொன்னாவாம். அதற்கென்று படிவத்தில் இடம் இல்லை.

எனக்கு அழைப்பு வந்தது. நான் இங்கிலீசுக்காரரின் பழைய வீட்டில் வேலை செய்கிறவன், வீட்டைப்பற்றி இங்கிலீசில் ஒரு கடிதம் எழுத எனக்கு முடியாதா என்று அக்கா கேட்டா. எனக்கு இங்கிலீசில் வரிப் படிவம் நிரப்பத் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியும். கடிதம் எழுதுவதற்கு மகள் ரூத் இருந்தாள்.

5

ரூத்துக்கு அப்போது பதினாறு வயது. மூன்று வயதில் அழகாகத் தமிழ் பேசினாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் அவளை எடுத்துக்கொண்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள், நடுவில் எங்கோ இருவரும் சந்திப்பதாகப் பாவனை. மாமி என்பவர் அவளுக்குத் தொலைபேசிக்குள் இருக்கும் ஒரு குரல்; சாப்பிட்டியா என்று கேட்கும், ஓம் என்றால் முடிந்துவிடும்.

நான் வேலையிடத்திலிருந்து உக்கின யன்னலுக்கு எழுதிய விண்ணப்பத்தின் பிரதியைக் கொண்டுவந்தேன். அதே மாதிரி எழுதலாம் என்றேன். ரூத் வாசித்துவிட்டுச் சிரித்தாள். ஒரு சட்டத்துக்கு நாற்பது பக்கம். கட்டடத்தின் முக்கியத்துவம், ஒவ்வொரு மாற்றத்தின் விபரம், ஒவ்வொன்றுக்கும் காரணம்.

நான் சாப்பாட்டு மேசையில் தாள் விரித்து, அக்கா சொன்ன அளவுகளுக்குப் படம் கீறினேன். இந்த நாட்டுக்கு வந்து நான் கீறிய முதல் படம். அளவுகோல் ரூத்தின் பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து வந்தது. அவள் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கோடு நேராகப் போடுவதை அவள் அதுவரை கண்டதில்லை.

காரணங்கள் வேண்டுமென்று அவளே அக்காவுக்கு எடுத்தாள். சனிக்கிழமை மதியம், அங்கே பின்னேரம். ஸ்பீக்கரில் போட்டாள். கேள்விகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தாள், இங்கிலீசு எழுத்தில். குசினிக்குக் காரணம் கிடைத்தது. பத்திக்குக் கிடைத்தது. மூன்றாவது கேள்வியை அவள் வாசித்தாள்.

"மாமி, நீங்க முன் கதவை ஏன் அடிச்சீங்க?"

அடைச்சீங்க என்று கேட்டிருக்க வேண்டும். நான் திருத்த வாய் திறந்தேன். அதற்குள் மறுபக்கம் அமைதியாகிவிட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அது உனக்கு ஆரு மகள் சொன்ன?" என்று அக்காவின் குரல் வந்தது.

ரூத்துக்கு விளங்கவில்லை. எழுதியதை மறுபடி பார்த்தாள். நான் கையைக் காட்டி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அக்கா சொன்னா. "நான் கோயிலால வந்தன். ஒருக்காத் தண்ணி வந்து வத்திட்டு. மாமா உள்ளுக்குக் கதவப் பூட்டிட்டு நிண்டவர். நான் கதவுல அடிச்சன். இஞ்சேருங்க, சனமெல்லாம் ஓடுது, வாங்க போவம் எண்டு. உறுதிய எடுத்துட்டு வாறன் எண்டார். மறுகாலும் அடிச்சன். வாறன், பொறு எண்டார். யோகநாதன் மேசன் வந்து கையில புடிச்சி இழுத்தார். நான் விட்டுட்டுப் போய்ட்டன் மகள்."

ஆறு வருடத்தில் என்னிடம் வராத வார்த்தைகள், தமிழ் தெரியாத பிள்ளையிடம் வந்தன. பெட்டிக்குள் அத்தான் தேடியது காணி உறுதி. சில மாதத்தில் அந்தக் காணியில் வீடு கட்டக்கூடாது என்று உத்தரவு வரப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீட்டின் படத்தைக் கீறியவன் நான். அக்காவின் கலியாணத்துக்கு என் பரிசு. கடற்காற்று நேரே உள்ளுக்கு வரட்டும் என்று முன்கதவைக் கிழக்கே வைத்தேன். அந்தக் காற்றுக்காக அத்தான் என்னை எவ்வளவோ தரம் பாராட்டியிருக்கிறார்.

ரூத் பேனையை எடுத்தாள். பிறகு, தனக்குத் தெரிந்த தமிழில், இதைக் கடிதத்தில் எழுதவா என்று கேட்டாள். எழுதினால் அவர்களால் மறுக்க முடியாது என்று எனக்கும் பட்டது.

"வேணாம்," என்றா அக்கா. "அது அவங்களுக்குக் காட்டுறதுக்கு இல்ல. காத்துக்கு எண்டு எழுது."

6

காற்றுக்கு என்று எழுதினோம். பதினெட்டுப் பக்கம். வாவிக்காற்று தென்மேற்கிலிருந்து வருவதையும், மட்டக்களப்பு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காற்றைப் பார்த்துக் கதவு வைப்பதையும், ஞானம் அக்கா அந்த மரபின் உயிருள்ள தொடர்ச்சி என்பதையும் ரூத் தன் பள்ளிக்கூட இங்கிலீசில் எழுதினாள். காற்று வருவது உண்மை. மற்றதை மேற்கோள் இல்லாமல் நாங்கள் இருவரும் உற்பத்தி செய்தோம். 'கட்டடத்தின் முக்கியத்துவம்' என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். ஒரு பெண் அதற்குள் இருக்கிறாள் என்று எழுது என்றேன். அதை மட்டும் அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினாள்.

கள உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி, ஐரோப்பாவில் தலைமையகத்துக்கு ஒரு பிரதி. அங்கிருந்து ஒன்பது நாளில் பதில். மகிழ்ச்சி என்று தொடங்கி, மிக்க மகிழ்ச்சி என்று முடிந்தது. அனுமதியற்ற மாற்றம் என்ற சொல் காணாமல் போய், 'சமூகத்தின் பங்களிப்புடனான வடிவமைப்பு' என்ற சொல் வந்திருந்தது. அக்கா தன்னை அறியாமலே ஒரு ஆலோசனைக் கூட்டம் நடத்தி, அதில் ஒருமனதாகத் தீர்மானமும் எடுத்திருந்தா. உறுதி எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் வருடாந்த மலரில் அக்காவின் மேற்குக் கதவு அரைப் பக்கம் வந்தது. பெயர்ப்பலகையைப் புதுக் கதவுக்கு மேல் மாற்ற ஒரு ஆள் தனியாக வந்தார். எந்த அனுமதியும் தேவைப்படாத ஒரே மாற்றம் அதுதான்.

உக்கிய யன்னலுக்குப் பதினொரு மாதம் எடுத்த ஒரு நாட்டில் இருந்துகொண்டு, ஒரு முழுக் கதவை ஒன்பது நாளில் சட்டமாக்கியவன் நான். இந்தக் கிழமை இதை எங்கள் மேலாளர் அம்மையாரிடம் சொன்னேன். மிகவும் சுவாரசியம் என்றா. இங்கிலாந்தில் அதற்குப் பொருள், போய் வேலையைப் பார்.

7

இந்தச் சித்திரை விடுமுறையில் ரூத்தைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். போகவேண்டும் என்று கேட்டவள் அவள். செங்கலடிச் சந்தியில் இறங்கி, முச்சக்கரவண்டியில் உள்ளே போனோம்.

திட்டத்தின் இரண்டாம் கட்டம் கட்டி முடித்திருந்தார்கள். முப்பது வீடு. முப்பது கதவும் மேற்கே. தலைமையகம் பாடம் படித்துவிட்டது. மரபு என்று ஒருதரம் எழுதிவிட்டால் அதற்குப் பிறகு தப்ப வழியில்லை. மத்தியானம் தாண்டியதும் வெயில் முப்பது வீட்டுக்குள்ளும் முன்வாசலால் நுழைந்து கட்டில்வரை போய்ப் படுக்கிறது. புதிதாக வந்த பெண்ணொருத்தி, எந்த விசரன் இப்படிக் கதவு வைத்தான் என்று எங்களுக்கு முன்னாலேயே கேட்டாள். அக்கா முகம் மாறாமல், "வெளிநாட்டுக்காரன்" என்றா. அது பொய் இல்லை. நான் என் பாஸ்போட்டை நினைத்துக்கொண்டேன்.

யோகநாதன் மேசன் வந்து என் கையைப் பிடித்துச் சுகம் கேட்டார். மெலிந்த மனிதர். கதவு அடைத்த அன்றைக்கு அக்கா அவரிடம் என்ன காரணம் சொன்னா என்று தனியாகக் கேட்டேன். அக்கா சொல்லவில்லையாம், அவரும் கேட்கவில்லையாம். சீமெந்து குழைக்கும்போது அக்கா பக்கத்தில் நின்று கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாவாம். வேலை முடியுமட்டும் ஒரு சொல் பேசவில்லையாம். "நானும் பேசல்ல தம்பி," என்றார். "என்னத்தப் பேசுற."

ரூத் மாமியோடு பத்தியில் இருந்து பொத்தான் தைத்தாள். இரண்டு பேருக்கும் இடையில் ஐம்பது சொல் அளவுக்குத்தான் பொதுவான பாசை. அதற்குள் ஒருநாளும் அவர்களுக்குச் சொல்லுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. ஒருமுறை ரூத் பிழையாக ஏதோ சொல்ல, நான் பழக்கத்தில் திருத்தப் போனேன். அக்கா என்னைப் பார்த்து, "நீ சும்மா இரு, அவள் சொல்லட்டும்" என்றா.

மத்தியானம் தாண்டி வெயில் மேற்கே சாய, பத்தியிலும் இருக்க முடியவில்லை. ஒழுங்கை முழுக்க அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்தார்கள். அக்கா தையல் மெசினின் ஒரு கரையைப் பிடித்தா, மறு கரையை ரூத் பிடித்தாள். கொண்டுவந்து, அடைத்த கதவின் முன்னால், சுவரில் முதுகு படும்படி கதிரையைப் போட்டு அமர்ந்தா. பூச்சின் கீழே கதவின் உருவம் இன்னமும் தெரிந்தது. புதுச் சீமெந்து ஒரு நிறம், பழையது ஒரு நிறம். அக்காவின் முகம் கடல் இருக்கும் திசைக்கு. அது அங்கிருந்து தெரியாது, மைல் கணக்கில் தூரம்.

நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்திருக்கவேண்டும். காலால் இன்னொரு கதிரையை என் பக்கம் தள்ளினா.

"இரு தம்பி," என்றா. "இந்த நேரத்தில இஞ்சாலதான் நிழல்."